தனகோடி பள்ளம்

அக்காவிடம் எதையும் யோசித்துத்தான் கேட்க வேண்டும். கேட்டது கிடைக்கும். கேட்டது மட்டும்தான் கிடைக்கும்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் அவளுடைய ஜெராக்ஸ் கடை இருந்தது. ஒரு மெஷின், ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல், யாரும் எடுத்துப்போய்விடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பேனா. ஜெராக்ஸ் போடுவதோடு அரசாங்க விண்ணப்பங்களும் பூர்த்தி செய்து கொடுப்பாள், மனுவும் எழுதித் தருவாள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. நான் இரும்புலியூரில் குடியிருந்தேன். ஒரு கூரியர் கம்பெனிக்காக மொபெட்டில் பை நிறையக் கவர்களோடு முடிச்சூர், பீர்க்கன்கரணைப் பக்கமெல்லாம் அலைவது என் வேலை.

முதல் நாள் டெலிவரி ஷீட்டை நீட்டி, "சீக்கிரம் போட்டுக் குடுங்க" என்றேன். அரை நொடியில் கொடுத்தாள். எழுத்தெல்லாம் சாய்ந்து, பாதிப் பக்கம் கறுப்பாக வந்திருந்தது. இது என்ன என்று கேட்டதற்கு அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சீக்கிரம் வோணும்னு கேட்ட. நல்லா வோணும்னு கேக்கலியே."

இன்னொரு நாள், உத்தியோகஸ்தர் மாதிரி இருந்த ஒருவர் ரேஷன் கார்டைக் கொடுத்து ஒரு காப்பி கேட்டார். முதல் பக்கத்தை ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுக்கத் திரும்பி வந்தவர், உள்பக்கம் எல்லாம் எங்கே என்று சத்தம் போட்டார். அவர் கேட்டது ஒரு காப்பி, கொடுத்ததும் ஒரு காப்பி என்றாள். சரி, எல்லாப் பக்கமும் வேண்டும் என்றார். எழுத்தே இல்லாத வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து எல்லாவற்றையும் போட்டு, பின் அடித்துக் கொடுத்தாள். இப்படி ஒரு கடை எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். தெளிவாகக் கேட்டவர்களுக்கு அவளைப் போல வேலை செய்து கொடுக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது, அதுதான்.

அவள் பெயரை நான் இதில் எழுதப் போவதில்லை. மறந்துபோகவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓர் இன்ஜினியரிங் மாணவன் தடித்த வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றை ஜெராக்ஸ் போடக் கொடுத்துவிட்டு லீவுக்கு ஊருக்குப் போயிருந்தான். திரும்பி வந்து பார்த்தால் அக்கா அதை முழுதாகப் படித்து வைத்திருந்தாள். ப்ளஸ் டூ வரைதான் படித்தவள். ஆனால் வருடக்கணக்கில் விண்ணப்பப் படிவங்களைப் படித்துப் படித்து, இங்கிலீஷில் என்ன எழுதினாலும் அதில் எங்கே சிக்கல் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற புத்தி அவளுக்கு வந்திருந்தது. அது ஒரு விளையாட்டுப் புத்தகம். போர்டு கிடையாது, காய் கிடையாது, எல்லாம் பேச்சுதான். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, ஒருத்தன் வாள்வீரன், ஒருத்தன் மந்திரவாதி என்று அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். நான் கதவை உடைக்கிறேன் என்று நீங்கள் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மீதியைக் கதை சொல்கிறவர் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விளையாடுவோம். அந்த மாணவன் மந்திரவாதி. மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய சார் வாள்வீரன். நான் திருடன். கதை சொல்வது அக்கா. இருபது முகம் கொண்ட பகடை வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. தாம்பரத்தில் அதற்கு எங்கே போவது? இருபது சட்டைப் பட்டன்களில் நம்பர் எழுதி, ஜெராக்ஸ் மைப்பொடி வருகிற காலி டோனர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி எடுப்போம். ஆட்டம் முடியும்போது நாலு பேர் விரலும் கரிபிடித்திருக்கும்.

கதைக்குள்ளும் அவள் அதே ஜெராக்ஸ்கடை அக்காதான். ஒருமுறை மந்திரக் கிணறு ஒன்று எனக்கு ஒரு வரம் கொடுத்தது. திருடனுக்கு வேறென்ன வேண்டும், யாரும் என்னைப் பிடிக்கக் கூடாது என்று கேட்டேன். கிடைத்தது. மூன்று வாரம் ராஜபோகம், காவல்காரன் கைக்கெல்லாம் சிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடினேன். நாலாவது வாரம் மலை விளிம்பிலிருந்து கால் சறுக்கியது. வாள்வீரன் சார் பாய்ந்து என் கையை எட்டிவிட்டதாகச் சொன்னார். பட்டனும் அவருக்குச் சாதகமாகத்தான் விழுந்தது. அக்கா என்னைப் பார்த்தாள்.

"புடிக்க முடியாது தம்பி. நீதான் கேட்ட."

நான் விழுந்து செத்தேன். வேறொரு திருடனாக மறுபடி சேர்த்துக்கொண்டாள் என்றாலும் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. என்னைக் கொன்றபோது அவள் முகத்தில் கேலியோ சந்தோஷமோ எதுவுமே இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

எங்கள் கதையின் வில்லன் மேட்டு ராஜா. தன் கோட்டையை உயர்த்திக்கொண்டே போக வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காக ஏரி, வயல், வழி எதையும் விட்டுவைக்காமல் தோண்டி மண் எடுப்பான். ஜனங்கள் அந்தக் குழிகளில் விழுந்து சாவார்கள். அவன் மேலே உட்கார்ந்து கொடியேற்றுவான். இரண்டு வருடம் அவனைத் துரத்தினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கழுத்துக்குக் குறிவைத்து அம்பு விட்டேன். பாட்டிலுக்குள் கைவிட்டு எடுத்தால் இருபது. அதற்கு மேல் நம்பரே கிடையாது. நாங்கள் மூவரும் ஸ்டூலைத் தட்டிக் கூத்தாடினோம். அக்கா பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள்.

ரூல்படி அவன் செத்துவிட்டான் என்று மாணவன் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினான். விதியை அவள் மீறி நாங்கள் பார்த்ததே இல்லை. ஆத்திரமாக வந்தது எனக்கு. இரண்டு வருட உழைப்பு, கேட்டது கேட்டபடி கொடுக்கிறவள் எனக்கு மட்டும் ஏன் இல்லை என்கிறாள் என்று கத்தினேன்.

"அவன் சாவக் கூடாது தம்பி" என்றாள். பிறகு, பாட்டிலை மூடி வைத்துவிட்டு, அதுவரை சொல்லாததைச் சொன்னாள்.

அவள் வீட்டுக்காரர் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். முடிச்சூருக்குள் வீடு. அந்தப் பக்கம் தனகோடி என்ற பெரிய மனிதர், பூர்வீகமாக நிலம் வைத்திருந்த குடும்பம், வயலையெல்லாம் மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். வயதில் பெரியவர் என்பதால் 'வந்தார், போனார்' என்று எழுதுகிறேன். மனசுக்குள் அப்படி இல்லை. பள்ளமான மனைகளை மேடாக்க மண் வேண்டும் அல்லவா? ரோட்டை ஒட்டியே லாரி வைத்து ஆள் உயரத்துக்கு மேல் தோண்டி எடுத்தார்கள். விளிம்பில் ஒரு கல் இல்லை, ஒரு சிவப்புத் துணி இல்லை, ஒரு போர்டு இல்லை. ஐப்பசி மழையில் பள்ளமும் ரோடும் ஒரே மட்டமாகத் தண்ணீர் நின்றது. முதல் ஷிப்ட் முடிந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பட்டப்பகலில் நடந்து வந்தவர் அதற்குள் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, தண்ணீர் கொஞ்சம் வடிந்தபோது சைக்கிளின் ஹேண்டில்பார்தான் முதலில் தெரிந்ததாம்.

போலீஸ் ஸ்டேஷனில், 'கால் தவறி நீரில் விழுந்து' என்று எழுதினார்கள். அந்தக் காகிதத்தை ஆபீஸ் ஆபீஸாகக் கொடுப்பதற்கு அவளே அவள் கையால் எத்தனையோ காப்பி போட்டிருக்கிறாள். மனுக்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன.

"கால் தவறல தம்பி. அவரு ரோட்லதான் நடந்தாரு. ரோடுதான் அங்க இல்ல."

மூன்றாம் நாள் தனகோடி ரோஜாமாலையோடு துக்கம் கேட்க வந்தாராம். நாற்காலியில் உட்கார்ந்து, "என் நகர்ல இப்படி ஆயிடுச்சேம்மா. எனக்குத்தான் கெட்ட பேரு" என்றாராம். அவருக்குக் குழந்தை கிடையாது. தனகோடி நகர் என்று கிரானைட்டில் பொறித்து ஒரு வளைவு கட்டியிருந்தார். அதுதான் தன் பேர் சொல்லும் பிள்ளை, தான் போனாலும் அது சாகாது என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். துக்க வீட்டிலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாராம். அக்கா எல்லா வார்த்தையையும் அப்படியே வைத்திருந்தாள்.

கம்ப்யூட்டர் சார் தயங்கித் தயங்கிக் கேட்டார், அப்படிப்பட்டவன் கதையிலாவது சாகட்டுமே என்று.

"செத்தா இன்னா ஆவும் சார்? தெருவெல்லாம் கண்ணீர் அஞ்சலின்னு போஸ்டர் ஒட்டுவாங்க. செத்தவனப் பத்தித் தப்பா பேசாதன்னு ஊரே நம்ம வாயப் பொத்தும். செத்தா நல்லவனாயிடுவான். எனக்கு அவன் சாவ வோணாம். அவன் கெடக்கணும்."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். நஷ்ட ஈடும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அந்தப் பேர் நல்ல பேராகச் செத்துவிடக் கூடாது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கதையை விட்ட இடத்தில் எடுத்தாள். என் அம்பு தைத்தது உண்மைதான். ஆனால் உயிர் போவதற்கு முன் மேட்டு ராஜா ஒரு பூதத்தைக் கூப்பிட்டு வரம் கேட்டுவிட்டான். எனக்குச் சாவே வரக் கூடாது. உலகம் இருக்கிற வரைக்கும் ஜனங்கள் என் பேரைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதுதான் அவன் கேட்டது.

"இப்ப நீங்க மூணு பேரும்தான் பூதம். எப்டிக் குடுப்பீங்க?"

நாங்கள் கோயிலில் கதை கேட்டு வளர்ந்தவர்கள். சாகாவரம் என்றதும் எங்கள் புத்தி நேராக வரத்தில் ஓட்டை தேடத்தான் போகும். கம்ப்யூட்டர் சார், பகலும் இல்லாமல் இரவும் இல்லாமல் ஒரு வேளை பார்த்து அடித்துவிடலாம் என்றார். அது சாமி செய்கிற வேலை, அப்படியும் கடைசியில் அவன் செத்துத்தானே போகிறான் என்று அக்கா தள்ளிவிட்டாள். சாகாமல் கிழவனாகிக்கொண்டே போகட்டும், பல் விழுந்து கண் அவிந்து கிடக்கட்டும் என்றான் மாணவன். கிழவனைப் பார்த்தால் ஜனங்கள் பாவம் என்று சொல்வார்கள், அதுவும் வேண்டாம் என்றாள். கல்லாகிவிடட்டும் என்றேன் நான்.

"கல்லுக்கு நோவுமா? இன்னா தம்பி, நீயும் அவனுக்கு சிலையே வெச்சிடுவ போலகீதே."

ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கியதும் தீர்ப்பைச் சொன்னாள். பூதம் ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. மேட்டு ராஜாவுக்குச் சாவு கிடையாது. அவன் வெட்டிய பெரிய குழியின் அடியில் படுத்திருப்பான். அந்தக் குழிக்கு அவன் பேர். யார் எப்போது அந்தப் பேரைச் சொன்னாலும் அவன் விழித்து, தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பதில் சொல்ல முடியாது. 'அங்க போகாத' என்று அம்மா பிள்ளையை அதட்டும்போதும், 'நாத்தம் தாங்கல' என்று வழிப்போக்கன் காறித் துப்பும்போதும் அந்தப் பேர்தான் வரும், அவன் எழுந்து எழுந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பேர் சொல்ல ஆள் இருக்கிற வரை தூக்கமே கிடையாது.

மாணவனுக்குத் திருப்தி இல்லை. "அப்ப அவன் ஜெயிச்சுட்டான்தானே அக்கா?"

"கேட்டது கெடச்சுதுப்பா" என்றாள் அக்கா. அன்றைக்குப் பட்டனே குலுக்கவில்லை.

ஆட்டம் அதோடு முடிந்ததாக நாங்கள் நினைத்தோம். பரீட்சை வந்தது, மாணவன் படிப்பு முடிந்து போனான், சார் கம்ப்யூட்டர் சென்டரைக் குரோம்பேட்டைக்கு மாற்றிக்கொண்டார். நான் மட்டும் வழக்கம்போல டெலிவரி ஷீட்டோடு கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஆட்டம் முடியவில்லை என்று எனக்குத் தெரிய வந்தது ஒரு கூரியர் கவரிலிருந்துதான்.

அந்தப் பக்கத்து விலாசங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வயல் எல்லாம் திடுதிப்பென்று மனைகளாகி, மனையெல்லாம் வீடாகிக்கொண்டிருந்த காலம். தெருவுக்குப் பேர் இருக்காது, இருந்தாலும் 'முதல் குறுக்குத் தெரு' என்று பக்கத்துப் பக்கத்திலேயே மூன்று இருக்கும். கதவு எண்ணைக் கடவுள்தான் போட்டிருக்க வேண்டும், பதினேழுக்கு அடுத்தது நாற்பது. விலாசத்தில் உயிரோடு இருக்கும் வரி ஒன்றே ஒன்றுதான், 'அருகில்' என்கிற வரி. வேப்பமரம் அருகில், தண்ணீர் டேங்க் அருகில். அதை நம்பித்தான் நாங்கள் பிழைத்தோம்.

புதிதாகக் குடிவந்தவர்கள் ரேஷன் கார்டுக்கும், கேஸ் கனெக்‌ஷனுக்கும், பேங்க் கணக்குக்கும், போனுக்கும் அக்காவிடம்தான் விண்ணப்பம் எழுதிக்கொண்டார்கள். ஒருநாள் பேங்க் கவர் ஒன்று வந்தது. விலாசத்தின் நாலாவது வரியில், 'தனகோடி பள்ளம் அருகில்' என்று அச்சாகியிருந்தது. மறுவாரம் இன்சூரன்ஸ் கவர் ஒன்றில் அதே வரி. பிறகு போன் பில், காலேஜ் அட்மிஷன் கடிதம். மொபெட்டை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, பையிலிருந்த கவர்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. நடு ரோட்டில் தனியாக நின்று சிரித்தேன்.

கடைக்குப் போய் நேராகவே கேட்டேன். அவள் மெஷினின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஃபாரத்துல அடையாளம் கேட்டுகீறான், குடுத்தேன். அங்க வேற இன்னா கீது தம்பி, நீயே சொல்லு."

வேறு எதுவும் இல்லைதான். மண் எடுத்த பள்ளத்தை மூட யாருக்கும் நேரமில்லை. மழைத் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்து, ஆகாயத்தாமரை மண்டி, கொசு உற்பத்தியாகி, ஊரிலேயே நன்றாகத் தெரிகிற இடம் அதுவாகத்தான் இருந்தது. நகர்கள் ஆயிரம் இருந்தன, அந்தப் பெரிய பள்ளம் ஒன்றுதான். அன்றிலிருந்து நானும் அவள் கட்சி. வழி கேட்டுப் போன் போட்டால், "தனகோடி பள்ளத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்றுதான் ஆரம்பிப்பேன். முதலில் முழித்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களே சொன்னார்கள். பிறகு ஸ்கூல் வேன் டிரைவர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பால் பாக்கெட்காரர் எல்லோரும். ஷேர் ஆட்டோ வந்தபோது, அது நிற்கிற இடத்துக்கு யாரும் பேர் வைக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை.

ஒரு நாள் காலை தனகோடியே கடைக்கு வந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து காப்பிக்குக் காத்திருந்தேன். முட்டி தேய்ந்து, கைத்தடி ஊன்றியிருந்தாலும் வெள்ளைச் சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை. அவருடைய சொந்தத் தம்பி மகள் கல்யாணம். அதில் பெண்வீட்டு விலாசத்தின் கீழ், வருகிறவர்கள் வழி தப்பாமல் இருக்க, அந்த 'அருகில்' வரியை அச்சடித்திருந்தார்கள். பத்திரிகையை மேஜைமேல் எறிந்தார்.

"எவன் வெச்ச பேரும்மா இது? என் பேரு நகருக்கு வெச்ச பேரு. சாக்கடைக்கா வெச்சேன்? நீ மனு எழுதுவன்னு சொன்னாங்க. எழுது."

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. மாலையோடு அவள் வீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்த மனிதர். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அக்காவோ ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் போட்டு, பேனாவைத் திறந்தாள்.

"இன்னா எழுதணும்னு தெளிவா சொல்லுங்க ஐயா. சொல்றத அப்டியே எழுதறேன்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். தன் பேர் கெட்டுப் போவதாகச் சொன்னார். அதிகாரிகள் நேரில் வந்து அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பள்ளத்தின் பக்கத்திலேயே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, தன் பேர் போட்டு ஒரு பெரிய போர்டு வைக்க வேண்டும் என்றார். நகருக்கான போர்டு என்பது அவர் நினைப்பு, வாயால் அதைச் சொல்லவில்லை. அக்கா, "போர்டு வெக்கணும், சரிங்களா?" என்று மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். எந்த மனுவாக இருந்தாலும் மேலே 'பொருள்' என்று ஒரு வரி உண்டு. ஆபீஸில் முதலில் படிப்பதும் அதைத்தான், ஃபைலுக்கு வைக்கும் பேரும் அதுதான். அதை மட்டும் கடைசியில் எழுதினாள். 'பொருள்: தனகோடி பள்ளம் - நேரில் பார்வையிட்டுப் பலகை வைக்கக் கோருதல் - தொடர்பாக.'

அவர் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். முதல் வரியில் அவர் விரல் ஒரு நிமிஷம் நின்றது. ஆனால் எதைப் பற்றி மனு என்று சொல்லாமல் மனு எப்படிக் கொடுப்பது? மற்றதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை. ஒவ்வொரு காப்பியிலும் நூல் கட்டிய பேனாவால் முழுப் பேரையும் கையெழுத்தாகப் போட்டார். எவ்வளவு ஆயிற்று என்று கேட்டதற்கு, உங்களிடம் வாங்க மாட்டேன் என்று கைகூப்பினாள். அவருக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. முகம் மலர்ந்து வாசலுக்குப் போனார்.

"ஐயா" என்று கூப்பிட்டாள் அக்கா.

திரும்பினார்.

"படி கீது. பாத்து எறங்குங்க. கால் தவறிடப் போவுது."

அவர் ஒரு காலைப் படியில் வைத்தபடியே நின்றார். அவளை உற்றுப் பார்த்தார். ஏதோ நினைவுக்கு வருவது போலவும் வராதது போலவும் இருந்தது அந்த முகம். பிறகு கைத்தடியை ஊன்றி, ஒவ்வொரு படியாக, மிக மெதுவாக இறங்கிப் போனார். அக்கா என் பக்கம் திரும்பி, எனக்கு எத்தனை காப்பி என்று கேட்டாள்.

பெரிய மனிதர் கையெழுத்துக்கு மதிப்பு இருந்தது. அக்காவின் மனுக்கள் வருடக்கணக்கில் செய்யாததை அது இரண்டு மாதத்தில் செய்தது. ஆட்கள் வந்து பள்ளத்தைப் பார்த்தார்கள், ஆழத்தை அளந்தார்கள், கேட்டபடியே போர்டு வைத்தார்கள். நானே போய்ப் பார்த்தேன். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. 'எச்சரிக்கை. தனகோடி பள்ளம். ஆழம் அதிகம். அருகில் செல்லாதீர்.' சுற்றிலும் கல் நட்டுக் கம்பி வேலியும் கட்டியிருந்தார்கள். அக்காவிடம் சொன்னேன். கடையைப் பூட்டிவிட்டு என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். போர்டின் முன் வெகுநேரம் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கம்பியைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அது ஆடவில்லை.

"அன்னிக்கே ஒண்ணு வெச்சிருந்தா போதும்" என்றாள்.

போர்டை எடுக்கச் சொல்லி அவர் அலையாத இடமில்லை என்று கேள்விப்பட்டேன். ஒவ்வொரு மனுவிலும் அந்தப் பேரை எழுதித்தானே ஆக வேண்டும்? ஃபைல் தடித்துக்கொண்டே போயிருக்கும். இரண்டு வருடம் கழித்து இறந்துபோனார். அக்கா சொன்னபடியே தெருவெல்லாம் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டினார்கள். வள்ளல் என்று போட்டிருந்தது. கீழே, இறுதி ஊர்வலம் புறப்படும் வீட்டுக்கு வழி. அந்த நாலாவது வரி அதிலும் இருந்தது. போஸ்டருக்கு எழுதிக் கொடுத்தது அவளா என்று போய்க் கேட்டேன். இல்லை என்றாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

அக்கா பிறகு கடையை விற்றுவிட்டு அக்கம்பக்கத்திலேயே எங்கோ போய்விட்டாள். பல வருடம் கழித்து, தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே அவளைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். பள்ளத்தை மூடி அங்கே லிப்ட் வைத்த ஃபிளாட் கட்டியாகிவிட்டது, போர்டும் போய்விட்டது, பேர் மட்டும் போகவில்லை என்று நான்தான் ஆரம்பித்தேன். ஃபிளாட்காரர்கள் தங்கள் கட்டடத்துக்கு இங்கிலீஷில் அழகான பேர் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னால் யாருக்கும் வழி தெரியாது.

பேச்சு அப்படியே அவள் வீட்டுக்காரர் பக்கம் போனது. அத்தனை வருடத்தில் அவர் பேரை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. 'எங்க வூட்டுக்காரர்' என்பாள், 'அவரு' என்பாள். அவள் வயதுப் பெண்கள் பலர் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள், அந்தப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எனக்குப் பேர் தெரியும். முன்பு ஒருமுறை அவளுக்கு வந்த கவரில், க/பெ என்ற இடத்தில் பார்த்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் அந்த ஆள் பேர் தெரிகிறதே, அண்ணன் பேர் ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டதே என்ற ஆதங்கத்தில், "அண்ணன் பேரு..." என்று சொல்லத் தொடங்கினேன்.

சட்டென்று கையை நீட்டித் தடுத்தாள்.

"சொல்லாத தம்பி."

"ஏங்க்கா?"

"கூப்ட்டா முழிச்சிக்குவாரு. ஷிப்ட் முடிச்சி வந்து படுத்துகினு கீறாரு. தூங்கட்டும்."

பூதம் கொடுத்த வரத்தின் விதி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. அவளுக்கு எந்தக் காலத்திலும் அது விளையாட்டாக இருந்ததில்லை.

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவருக்கு இருபது வயது இருக்கலாம். தனகோடி யார், கறுப்பா சிவப்பா என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை. தலையை வெளியே நீட்டி, தொண்டை கிழியக் கூவினான். தனகோடி பள்ளம், தனகோடி பள்ளம், தனகோடி பள்ளம். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒரு நாளைக்கு இவன் எத்தனை தடவை கூப்பிடுவான் என்று என்னிடம் கேட்டாள். எனக்குக் கணக்குத் தெரியவில்லை. ஆட்டோ கிளம்பிவிட்டது.

அதனால்தான் இதில் அவள் வீட்டுக்காரர் பேர் இல்லை, அவளைக் கூப்பிட்டாலும் அவர் விழித்துக்கொள்வார் என்று அவள் பேரும் இல்லை. ஒரே ஒரு பேரைத்தான் எழுதியிருக்கிறேன், எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை எழுதியிருக்கிறேன். உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் அந்த இடங்களை மட்டும் கொஞ்சம் வாய்விட்டுப் படியுங்கள்.